வேதகிரி எங்கே தங்குவான்

ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஞானசுந்தரி, கேட்டுக்கு உள்ளே கொழுந்தன் இருசப்பன் வருவதைப் பார்த்து நின்றாள். அவனோடு ஒரு பெண் வந்தாள். பழுப்புப் புடவை, தலையில் முக்காடு, தோளில் தோல் பை. இருசப்பன் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளுக்கு ஓரடி பின்னாலேயே பணிவாக நடந்து வந்தான். இது சர்க்கார் விஷயம் என்று ஞானசுந்தரிக்குப் புரிந்தது.

"அண்ணி, இவங்க ஷாஹீதா மேடம். காஞ்சிபுரத்துல புரொபேஷன் ஆபீசரு. அண்ணன் லீவு கேட்டு எழுதிப் போட்டுக்கீறாரு, நம்ம ஜெனிஃபர் கல்யாணத்துக்கு. அத்த விசாரிக்கத்தான் வந்துகீறாங்க."

வேலூர் ஜெயிலில் ஆயுள் தண்டனையில் இருக்கும் வேதகிரி அவளுடைய புருஷன். உள்ளே போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆயுள் கைதிக்கும் லீவு உண்டு என்பதை அவள் அறியாதவள் அல்ல. பக்கத்து ஊரில் ஒருவன் அப்பன் சாவுக்கு அப்படி வந்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் தன் வீட்டு வாசலில் அப்படி ஒரு நாள் வந்து நிற்கும் என்பதை மட்டும் அவள் இதுவரை நினைக்காமலே காலத்தை ஓட்டிவிட்டாள்.

"ஆறு நாள். உங்க வீட்டிலதான் தங்குவேன்னு மனுவில சொல்லியிருக்காரு. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள் ஷாஹீதா.

ஞானசுந்தரியின் கண் இருசப்பன் மேல் போயிற்று. அவன் சிரித்த முகமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரட்டும் மேடம்," என்றாள். யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது.

ஷாஹீதா குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தாள். "கால் சுடலையா உங்களுக்கு?"

அப்போதுதான் உறைத்தது. உச்சி வெயிலில் அந்தச் சிமெண்ட் களத்தில் யாரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் அத்தனை நேரமும் ஆணி அடித்தது போல நின்றிருந்தாள். பதறிப்போய் நெல்லின் மேல் தாவி நின்றாள்.

ஷாஹீதா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "கோபாலோட சம்சாரத்தையும் கேக்கணும். செத்துப்போனவங்க குடும்பத்துக்கு ஆட்சேபணை இருக்கான்னு பாக்கறது ரூல். உங்களுக்கு இன்னும் ஏதாவது சொல்லணும்னு தோணிச்சுன்னா ஆபீசுக்கு வாங்க," என்றவள், இருசப்பன் காதில் விழும்படியே, "தனியா வாங்க," என்றாள்.

வேதகிரி குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன் அல்ல. குடித்தால் சுருண்டு படுத்துத் தூங்கிவிடுவான். அந்த நாட்களில் அவள் நிம்மதியாகச் சோறாக்குவாள். நிதானத்தில் இருக்கும்போதுதான் பயம். சாப்பிட்டுக் கை கழுவுவான், துண்டில் துடைப்பான், போய்க் கதவைச் சாத்தி மெதுவாக நாதாங்கியைப் போடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் மகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவன் ஜெயிலுக்குப் போன பிறகு அவள் ஒரு நாளும் கதவுக்கு உள்நாதாங்கி போட்டதில்லை. ஒரு கருங்கல்லை உருட்டி அண்டக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியா என்று அக்கம்பக்கத்தில் ஏசுவார்கள். திருடன் வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. தாழ் போட்ட அறைக்குள் மாட்டிக்கொள்வதை விடத் திருடன் மேல்.

பதினோரு வருஷத்துக்கு முந்தி ஓர் ஐப்பசியில் அடுத்த வீட்டுக் கோபால் அந்தக் கதவைத்தான் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். யார் சண்டைக்கும் போகாதவன். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன், அன்றைக்கு என்னவோ பொறுக்க முடியாமல் வந்து வேதகிரியின் கையைப் பிடித்தான். வேதகிரி மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்தான். ஒரே அடிதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கோபாலின் உயிர் போய்விட்டது.

போலீஸில் வேதகிரி சொன்னது: "அவனுக்கும் என் பொண்டாட்டிக்கும் தொடுப்பு. கண்ணால பாத்தேன். ஆத்தரத்துல அடிச்சிட்டேன்."

ஜட்ஜ் அதை நம்பவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார். ஆனால் தெரு நம்பியது, பாதியாவது நம்பியது. ஒன்றும் இல்லாமலா ஒருத்தன் அடுத்தவன் வீட்டுக் கதவை உடைப்பான் என்று கேட்டது. கோபாலின் மனைவி சொக்கம்மாள் பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு தெருக்கோடியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குழாயடியில் ஞானசுந்தரி வந்தால், பாதி நிரம்பிய குடத்தோடு எழுந்து போய்விடுவாள். பதினோரு வருஷமாக இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

அன்று மாலை ஜெனிஃபர் வேலையிலிருந்து வந்தாள். உத்திரமேரூர் பஜாரில் இனாயத்துல்லா பாயின் துணிக்கடையில் நிற்கிறாள். விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சித்தப்பாவோடு வேலூருக்குப் போய் மனு போட்டு அப்பனைப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள்தானே.

"நைனா ரொம்ப மாறிட்டாரும்மா. சாந்தமா கீறாரு. உள்ள தோட்டத்துல கத்திரிக்கா போட்டுக்கினு, பூச்சி மருந்து அடிச்சிக்கினு... யாரையும் அதட்டிக்கூட பேசறதில்லியாம். வார்டரே சொன்னாரு."

சாந்தமாகத்தான் இருப்பான், அங்கே பொண்டாட்டி இல்லையே என்று ஞானசுந்தரி நினைத்தாள்.

"நைனா வர்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். பந்தல்ல அப்பன் இல்லாம நின்னா மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? கேட்டா சரின்னு சொல்லும்மா."

"சொல்லிட்டேன்," என்றாள் ஞானசுந்தரி.

மகள் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக ஞானசுந்தரி அந்த ஒற்றை அறையைப் பார்த்தாள். எங்கே உட்காருவான், சட்டையை எந்த ஆணியில் மாட்டுவான், கல்யாணம் முடிந்து மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு மிச்ச நாளில் இந்த அறைக்குள் அவனும் நானும் மட்டுமா? புளிக்குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்ததைக்கூட மகள்தான் பார்த்து இறக்கினாள்.

அடுத்த நாள் மத்தியானம் மில் பெண்கள் புங்கமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது சொக்கம்மாள் வந்தாள். நேராக வந்து ஞானசுந்தரிக்கு எதிரில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டார்கள்.

"ஆபீசரம்மா எங்க வூட்டுக்கும் வந்திச்சு. அவன் லீவுல வர்றதுக்கு எனக்கு ஆட்சேபணை கீதான்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்னக்கா?" என்றாள் ஞானசுந்தரி.

"யோசிச்சு சொல்றேன்னேன். நீ சொல்லு. உனக்கு அவன் வரணுமா, வேணாமா?"

எல்லாரும் சம்மதமா என்று கேட்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எனக்கு பயமா கீதுக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா? கோர்ட்டுல இவன்தான்னு கைய நீட்டிக் காமிச்சவ நானு. அன்னிக்கு அவன் பாத்த பார்வ இன்னும் முதுகுல ஒட்டிக்கினு கீது. பஸ்ஸுல பின்னால யாராச்சும் நின்னா கூட திரும்பித் திரும்பிப் பாக்கறேன்." சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நான் வேணாம்னு சொன்னா என்மேல தான் பழி. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்லிடட்டா?"

சொல்லுக்கா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறந்தது. ஆனால் மகளின் முகம் குறுக்கே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

"இப்ப நிறுத்திடலாம்க்கா. அப்பால? ஜெயிலு போர்டு உக்காந்து ஒரு நாளு மொத்தமாவே வெளிய உட்ருவாங்களாம். அன்னிக்கு நேரா எங்க வூட்டுக்குத்தான் வருவான். லீவ நிறுத்துனவ யாருன்னு கேட்டுக்கினே வருவான்."

சொக்கம்மாள் கொஞ்ச நேரம் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கறேன். எங்க வூட்டுக்காரருக்கும் உனக்கும்..."

"என் பொண்ணு மேல சத்தியமா இல்லக்கா! அண்ணான்னுதான் கூப்புடுவேன். எனக்கோசரம் வந்துதான் செத்தாரு. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்," என்றாள் சொக்கம்மாள். "தெரிஞ்சிக்கினேதான் இத்தினி வருசமா மூஞ்சிய திருப்பிக்கினு போனேன். தெரு பேசறப்ப நான் மட்டும் உன்னோட பேசிக்கினு இருக்க முடியல. நீ சொன்னா தெரு நம்பாது, நான் சொன்னாலும் நம்பாது. பொய் சொன்னவன் வாயாலதான் நெசம் வரணும். அத்த சொல்றானா, வரட்டும். சொல்லலியா, நான் வேணாம்னுடுவேன்."

இரண்டு பேரும் ஒன்றாகக் காஞ்சிபுரம் பஸ் ஏறினார்கள். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஓரிக்கை தாண்டும் வரை ஞானசுந்தரி முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டபடியே வந்தாள். ஆபீஸில் ஷாஹீதாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. சொக்கம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"கல்யாணத்துக்கு வரட்டும் மேடம். வூட்டுக்கு வேணாம்."

ஷாஹீதா ஆச்சரியப்பட்டவளாகத் தெரியவில்லை. "லீவுல எங்க தங்கணும்னு உத்தரவுலயே போடலாம். அவரோட அக்கா ஐயங்கார்குளத்தில இருக்காங்க இல்ல? அங்க தங்கட்டும், அங்க இருக்கற ஸ்டேஷன்ல தினம் கையெழுத்துப் போடட்டும்னு எழுதறேன்."

"நான்தான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஷாஹீதா. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆனா பொய் சொல்லக் கூடாது உங்ககிட்ட. அவருக்குத் தெரியாம இருக்காது. யோசிச்சுப் பாத்தா யாருக்கும் தெரியும்," என்றாள்.

ஞானசுந்தரி எழுந்துவிட்டாள். "அப்ப வேணாம் மேடம். ஒண்ணும் எய்தாதீங்க. நான் வரவே இல்லன்னு வச்சிக்கோங்க."

"உக்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க. பத்து வருஷம், பன்னண்டு வருஷம் உள்ள வைக்கறோம். யாருக்குக் கெடுதல் பண்ணாரோ அவங்க முகத்தை ஒரு தடவை கூடப் பாக்காம, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம வெளிய அனுப்பிடறோம். அவருக்குத் தண்டனை முடிஞ்சுடுது. உங்களுக்கு அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. எனக்கு இது சரியாப் படலை. நீங்க ரெண்டு பேரும் அவரை அங்கயே, உள்ள வச்சே பாருங்க. சொல்ல வேண்டியதை அங்க சொல்லுங்க. நான் கூட இருப்பேன், வார்டர் இருப்பாரு. ரூல்ல இப்படி ஒண்ணும் இல்ல. சூப்பரண்டைக் கேட்டுப் பாக்கறேன்."

"உள்ள இருக்கறப்பவா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

"ஆமா. அவர் உள்ள இருக்கறப்ப. நீங்க வெளிய இருந்து வந்து."

சூப்பரண்டு ஒத்துக்கொண்டார். வேலூரில் அந்தப் பெரிய கேட்டின் சின்னக் கதவில் குனிந்து நுழைந்தபோது ஞானசுந்தரிக்குக் கால் இடறியது. பார்வையாளர்கள் கம்பி வலைக்கு வெளியே நின்று கத்திக் கத்திப் பேசும் இடத்தைத் தாண்டி, ஒரு மேஜையும் நான்கு நாற்காலிகளும் கிடந்த அறைக்கு அழைத்துப் போனார்கள். கம்பி வலை இல்லை. அது இல்லை என்பதை அவள் முதலில் பார்த்தாள். நடுவில் மேஜை மட்டும்தான். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பாத்ரூம் போக வேண்டும் என்றாள். திரும்பி வந்ததும் மறுபடியும் போக வேண்டும் போல இருந்தது.

வேதகிரி வெள்ளை உடுப்பில் வந்தான். தலை நரைத்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை. அவள் நினைவில் இருந்ததை விடக் குள்ளமாக இருந்தான். ஆனால் அவள் உடம்பு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவன் உள்ளே வந்த உடனே இடது தோள் தானாக ஏறிக் காதை மறைத்துக்கொண்டது.

அவன் சொக்கம்மாள் பக்கம் போய்க் குனிந்தான். அவள் வெடுக்கென்று கால்களை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கால்ல வுயாத. உக்காந்து பேசு."

உட்கார்ந்தான். "தப்பு பண்ணிட்டம்மா. குடிச்சிட்டு புத்தி கெட்டுப் போயி..."

"நீ அன்னிக்குக் குடிக்கல."

சொன்னது தான்தான் என்று ஞானசுந்தரிக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. கதவோரம் நின்ற வார்டர் நிமிர்ந்து பார்த்தார். வேதகிரி தலையைத் திருப்பினான். இமை பாதி இறங்கியது. அந்தப் பார்வைதான். கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் சொக்கம்மாள் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

பார்வையை முதலில் தாழ்த்தியது அவன்தான்.

"ஆமா," என்றான். "குடிக்கல."

வெளியே எங்கோ தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

"கோபாலு மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மாதிரி சொன்னா கேசு லேசாவும்னு லாக்கப்புல ஒருத்தன் சொன்னான். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நெசம் மாதிரி ஆயிடுச்சு. அப்பால அத்த வச்சிக்கினுதான் இங்க இருக்க முடிஞ்சுது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இல்லன்னா ஒரு நல்ல மனுசன சும்மா கொன்னுட்டன்னு ஆவுது இல்ல?"

சொக்கம்மாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "இங்க நாலு சொவத்துக்குள்ள சொன்னா பத்தாது. எங்க தெருவுல வந்து சொல்லு. எங்க வூட்டுக்காரரு பேர அங்கதான் கெடுத்த."

அவன் தலையாட்டினான்.

ஷாஹீதா ஞானசுந்தரியைப் பார்த்தாள். லீவு ஆறு நாளும் அக்கா வீட்டில் இரு என்று சொல்லத்தான் ஞானசுந்தரி வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் அது வேறாக வந்தது.

"வூட்டுக்கு வராத. கல்யாணத்துக்கு வா, பொண்ண ஆசீர்வாதம் பண்ணு. வூட்டுக்கு வராத. இப்பவும் வராத, மொத்தமா வுட்டாலும் வராத. உன்னோட ஒரு ரூம்புல என்னால இருக்க முடியாது."

"அப்ப நான் எங்க போவேன்?"

ஐயோ பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நினைத்துத்தான் அவள் அதிகமாகப் பயந்தாள். முன்பெல்லாம் அடித்த மறுநாள் அவன் இப்படித்தான் கேட்பான், அவளும் இப்படித்தான் இரங்குவாள்.

"உங்க அக்கா ஒத்துக்கிட்டாங்க," என்றாள் ஷாஹீதா. "ஐயங்கார்குளம்."

அவன், "சரி," என்றான். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் திரும்பும் வரை அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்பனை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டு வந்த விஷயம் தெரிந்ததும் ஜெனிஃபர் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இருசப்பன் வாசலில் நின்று கத்தினான். ஞானசுந்தரி வேலைக்குப் போனாள், வந்தாள், ராத்திரி படுத்தால் பஸ் ஹாரன் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்தாள்.

லீவில் வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வேதகிரி தெருவுக்கு வந்தான். அக்கா புருஷனும் இருசப்பனும் இரு பக்கமும் வந்தார்கள். தண்ணீர் டாங்கிக்குக் கீழே ஜனம் கூடியது. ஞானசுந்தரி வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். சொக்கம்மாள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெரு முழுக்கப் பார்க்க இரண்டு பேரும் அக்கம்பக்கமாக நின்றார்கள்.

வேதகிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வாண்ணே, போலாம்," என்றான் இருசப்பன். இவன் சொல்லப் போவதில்லை, சொல்லாமல் போய்விட்டு, இந்த அவமானத்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரு நாள் வருவான் என்று ஞானசுந்தரி நினைத்தாள்.

"கோபாலு யோக்கியன்," என்றான் வேதகிரி. சத்தம் போதவில்லை. பின்னால் இருந்த கிழவர் ஒருவர், "கேக்கல," என்றார். மறுபடி உரக்கச் சொன்னான். "கோபாலு யோக்கியன். எம் பொண்டாட்டியும் ஒயுங்கானவ. நான் அவள அடிச்சிக்கினு இருந்தேன், அவன் தடுக்க வந்தான். நான் சொன்னது எல்லாம் பொய்யி."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இருசப்பன் ஞானசுந்தரியைப் பார்த்து, "எங்க அண்ணன சந்தி சிரிக்க வச்சிட்ட இல்ல!" என்று ஓரடி முன்னால் வைத்தான்.

"இருசா! வுடு!"

தம்பியைத்தான் அதட்டினான். ஆனால் அந்தக் குரலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல் இன்னும் அப்படியே உள்ளே இருந்தது, எங்கேயும் போய்விடவில்லை.

"மன்னிச்சிட்டியாம்மா?" என்று அந்தக் கிழவர் சொக்கம்மாளைக் கேட்டார்.

"அது என் இஷ்டம், தாத்தா. அத்த யாரும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே போன இரண்டு பெண்கள் அவளோடு பேச்சுக் கொடுத்தபடி போனார்கள்.

அன்று மத்தியானம் ஜெனிஃபர் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கட்டிலு அடியில நான் முயிச்சிக்கினுதான் இருந்தேன்," என்றாள். "நெனப்பு வரக் கூடாதுன்னு நெனச்சிக்கினே இருந்தேன். நைனா நல்லவரா இருக்கணும்னு இருந்திச்சும்மா எனக்கு." ஞானசுந்தரி மகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் உத்திரமேரூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. வேதகிரி வந்தான். மகளின் தலையில் அட்சதை போட்டான். பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஐயங்கார்குளம் போய்விட்டான். மிச்ச நாட்களில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஞானசுந்தரி எழுந்து போய்ப் பார்த்தாள். அவன் வரவில்லை. லீவு முடிந்த அன்று வேலூர் பஸ் ஏறிவிட்டான் என்று அவன் அக்கா சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் ஷாஹீதா மறுபடி மில்லுக்கு வந்தாள். வேதகிரியை முன்கூட்டி விடுதலை செய்யலாமா என்று போர்டு கேட்டிருந்தது. இந்தத் தடவை இருசப்பன் கூட வரவில்லை. இருவரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"சொக்கம்மாளைக் கேட்டேன். ஐயங்கார்குளத்திலயே இருந்தா ஆட்சேபணை இல்லங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

ஞானசுந்தரி யோசித்தாள். களத்தில் பெண்கள் நெல்லைத் துழாவிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போய்வந்தார்கள்.

"வுடட்டும் மேடம். சாவற வரைக்கும் உள்ளயே வச்சிக்கினு இன்னா ஆவப்போவுது? ஆனா எங்க ஊரு எல்லைக்குள்ள வரக் கூடாதுன்னு உத்தரவுல போடச் சொல்லுங்க. மாசா மாசம் நீங்க போயி அவன பாக்கணும். பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன்."

"பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லன்னு எய்துங்க," என்றாள் ஞானசுந்தரி. "அத்தயும் சேத்து எய்துங்க."

ஷாஹீதா எழுதிக்கொண்டாள்.